'நீ' என்று கூப்பிட்டவன்

பெரிய சாலையை விட்டு விலகி, ரப்பர் பால்மரங்களுக்குள்ளேயே ஈப்போவை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். என் தோளில் சிறுமி பச்சையம்மா. பின்னால் அவளுடைய தாய் அஞ்சலை. என் தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. வேட்டியைக் கிழித்துத் தலையோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அது தானாக வழிந்தது. பெண்ணின் குதிகாலில் ஒரு வெட்டு. அந்த ரத்தம் என் மார்பில் இறங்கியது. செம்மோர் பக்கத்துத் தோட்டம் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே இருந்திருந்தால் மறுநாள் என்னைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றியிருப்பார்கள். இவளை என்ன செய்திருப்பார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பக்தியைப் பற்றிப் பேசத் தெரியாது. முருகன் எனக்குச் செய்ததை, நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் சர்க்கஸ்காரன். கப்பலேறி வந்த ஒரு கூட்டத்தோடு மலாயா முழுக்கச் சுற்றினேன். கரணம் போடுவேன், ஆள் மேல் ஆள் நிற்பேன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஈப்போவில் எங்கள் கூடாரம் எரிந்தது. கூட்டாளிகள் சிதறினார்கள். நான் பாகான் செராய் வயல்களில் நெல் அறுத்தேன், ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் சுமந்தேன். எங்கும் ஒரு மழைக்காலம் முழுதாகத் தங்கியதில்லை. ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே மரம் சீவும் வேலை நின்றுபோயிருந்தது. கூலிகள் குடியிருந்த லயங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. ஆண்களில் பாதிப் பேரைச் சயாமுக்குக் கொண்டு போயிருந்தார்கள். அஞ்சலையின் புருஷனும் போனவன்தான். ஒரு நாள் ஒரு கிழங்குக்காக லயத்துப் பிள்ளைகள் முன்னால் கையால் நடந்து காட்டினேன். வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாவில் இப்போது இருந்த ஜப்பானிய அதிகாரி அதைப் பார்த்துவிட்டான். மூக்குக் கண்ணாடி போட்டவன். பிள்ளைகள் அவனைக் கண்ணாடி என்றே சொல்வார்கள். சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு லயத்துப் பிள்ளைகள் கரணம் போட்டுக் காட்ட வேண்டும், நான் பழக்க வேண்டும் என்றான். தோட்டத்தில் கணக்கெழுதும் தங்கையா கிராணிதான் மொழிபெயர்த்தார்.

"முடியாதுன்னு சொல்லிராதப்பா. கம்பத்தப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில் அந்தக் கம்பம் நின்றது. உப்பு திருடினான் என்று ஒருவனை முள்கம்பியால் அதில் கட்டி, சாகும்வரை அடித்திருந்தார்கள். கம்பி இன்னும் அவிழ்க்கப்படாமலே கிடந்தது. அந்தக் களத்தில்தான் பிள்ளைகளைப் பழக்கினேன்.

வயிறு உப்பி, காலெல்லாம் புண்ணாக இருந்த பிள்ளைகள். மணிக்கட்டில் பலம் இல்லை. நான் முதலில் விழத்தான் சொல்லிக்கொடுத்தேன். கோணிகளில் லாலான் புல்லை அடைத்துப் பரப்பினேன். மோவாயை நெஞ்சில் ஒட்டு, முதுகைப் பந்தாக்கு, உருண்டுவிடு. விழத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பயம் போகும். அப்புறம் கரணம். ஒரு கையை இடுப்பிலும் மறு கையைத் தொடையிலும் கொடுத்து அவர்களைத் தூக்கிச் சுற்றிவிடுவேன். கணக்கு சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மு, ரு, கா. 'மு'வில் கையைத் தூக்கு. 'ரு'வில் முட்டியை மடக்கு. 'கா'வில் பாய். கா என்றால் காப்பாற்று. அந்த எழுத்து வாயிலிருந்து வரும்போது என் கை அங்கே இருக்கும். ஒரு பிள்ளையையும் நான் கீழே விட்டதில்லை.

கண்ணாடி இதைக் கேட்டு, என்ன சொல் என்று விசாரித்தான். சாமி பேர் என்றார் கிராணி. கண்ணாடி என் காதோடு சேர்த்து அறைந்தான். இனி நிப்பொன் கணக்குத்தான், ஜப்பான் பாஷையில்தான் என்றான். இச்சி, நி, சான்: ஒன்று, இரண்டு, மூன்று. தானே நின்று கத்துவான். 'நி'யை இழுத்துக் கத்துவான்.

அங்கேதான் வினை வந்தது. "இச்சி, நீ..." என்று அவன் கத்தியதும் பிள்ளைகள் எல்லாரும் பாய்ந்துவிட்டார்கள். 'நீ' என்று தங்களைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்! கண்ணாடி என்னை மண்டியிட வைத்து மூங்கிலால் அடித்தான். "நீன்னா ரெண்டு. நீ இல்ல, ரெண்டு. மூணுல பாயணும்" என்று பிள்ளைகளுக்குப் புரிய வைத்தேன். மெல்ல மெல்ல மற்றவர்கள் திருந்தினார்கள். பச்சையம்மா மட்டும் திருந்தவில்லை. பாய்ச்சலில் அவளைப் போல இன்னொரு பிள்ளை இல்லை. ஆனால் அந்தக் குரல் கேட்டால் இரண்டிலேயே கால் கிளம்பிவிடும். ஒவ்வொரு தடவையும் அடி எனக்கு.

"அவ அப்பன் அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லண்ணே. 'ஏ, நீ வா'ன்னுதான் கூப்பிடும். அதான் இது இப்படி நிக்குது" என்று அஞ்சலை அழுதாள். முதுகுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டாள்.

"இந்த ஒண்ண மட்டும் அவ தலையில ஏத்திவிடு முருகா" என்று தினமும் வேண்டினேன். அவன் கேட்கவே இல்லை.

பிறந்தநாள் வந்தது. களத்தில் கொடி, மேசை, சாராயம். ஈப்போவிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். காலையிலேயே கண்ணாடி என்னைக் கூப்பிட்டு, கடைசிப் பாய்ச்சல் கத்தி மாட்டிய துப்பாக்கிகளுக்கு மேலே என்றான். பச்சையம்மாதான் பாய வேண்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டு, குழந்தை, வேண்டாம் என்றேன். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி என் முகத்தில் இடித்தான். தாடை உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. பற்கள் மண்ணில் விழுந்தன. என்னை இழுத்துக் களத்தோரம் போட்டு, ஒருவன் கழுத்தில் பூட்ஸை வைத்து மிதித்துக்கொண்டான்.

மற்றப் பிள்ளைகள் உருண்டார்கள், கையால் நின்றார்கள். அதிகாரிகள் சிரித்தார்கள். பிறகு பச்சையம்மாவை ஆபீஸ் பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். அவளுக்கு முன்னால் சிப்பாய்கள் இரண்டு வரிசையாக மண்டியிட்டுத் துப்பாக்கிகளைத் தரையோடு நீட்டினார்கள். கத்திகள் நடுவில் சேர்ந்தன. அதற்கு அப்பால் என் கோணிகள்.

தங்கையா கிராணி என் பக்கமாக வந்து, பார்க்காதவர் போல நின்றுகொண்டு முணுமுணுத்தார். "பாவிப் பய. 'சான்'னு சொன்னதும் கத்திய மேல தூக்கச் சொல்லியிருக்கான். வெளையாட்டாம்லா."

அவள் ஒழுங்காகப் பாய்ந்தால் செத்தாள். நான் அடி வாங்கி வாங்கிச் சொல்லிக்கொடுத்த அந்த மூன்றில்தான் கத்தி வரும்.

கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். முருகா என்று கூப்பிடக்கூட முடியவில்லை. 'மு' சொல்ல உதடு சேர வேண்டும், என் உதடு சேரவில்லை. தொண்டையிலிருந்து ஒரே ஒரு எழுத்துதான் வந்தது. கா. பூட்ஸுக்கு அடியில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கா. கா. கா. வேறு வேண்டுதல் எனக்கு இல்லை.

"இச்சி!"

பச்சையம்மா கையைத் தூக்கினாள்.

"நீ..."

பாய்ந்துவிட்டாள்.

கத்திகள் இன்னும் தரையில் கிடந்தன. அவள் அவற்றின் மேலாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் கண்ணாடி "சான்" என்றான். கத்திகள் எழுந்தன. அவள் உடம்பு அங்கே இல்லை. கடைசிக் கத்தி மட்டும் அவள் குதிகாலைக் கிழித்தது. அவள் மோவாயை நெஞ்சில் ஒட்டி, முதுகைப் பந்தாக்கி, கோணியில் உருண்டு எழுந்து நின்றாள். என் கை அங்கே இல்லை. ஆனாலும் அவளைப் பிடித்த கை ஒன்று இருந்தது. அதற்கு நான் சாட்சி.

பெரிய அதிகாரி ஒருவர், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து கை தட்டினார். கண்ணாடி பல்லைக் கடித்துக்கொண்டு வணங்கினான். பிறகு கிராணியிடம் சொன்னது இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈப்போ திடலில் இவள் மறுபடி பாய வேண்டும், மூன்றில். பழக்கியவன் நாளைக்கே சயாமுக்கு.

அவர்கள் தின்னவும் குடிக்கவும் பங்களாவுக்குப் போனார்கள். "இப்பவே ஓடுங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றார் கிராணி. ஈப்போவின் கூட்டத்துக்குள் மறைந்துவிடலாம் என்று ஓடினோம்.

நடக்கும்போது அஞ்சலை மகளைக் கேட்டாள்.

"ஏண்டி, 'மூணுல, மூணுல'ன்னு அந்த மாமா உன்னால எத்தன அடி வாங்குச்சு. இன்னைக்கும் ரெண்டுலதானே பாஞ்ச?"

"நீன்னு கூப்பிட்டாங்கம்மா. நான்தானே?"

"கூப்பிட்டா? யாரு வேணும்னாலும் கூப்பிட்டா போயிருவியா?"

"அப்பா மாதிரிதான் கூப்பிட்டாங்க" என்றாள்.

அஞ்சலை முந்தானையால் மகளின் குதிகாலைத் துடைத்தாள். எனக்குப் பேச வாய் இல்லை. நல்லதாகப் போயிற்று.

என்னைப் போல முருகனை நம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் தினமும் வேண்டியது அவளுடைய தப்பைத் திருத்து என்று. அவன் திருத்தாமல் விட்டானே, அதுதான் அவன் கொடுத்த பதில். அதற்காக நான் வாங்கிய மூங்கிலடிகளின் தழும்பு முதுகில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட வீண் இல்லை. கொலை செய்ய நின்றவன் வாயிலிருந்தே 'நீ' என்று அவளைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டுக் கத்திகளைக் கடக்க வைத்தவன் முருகன். நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை என்றால் வேண்டுதலை விட்டுவிடாதீர்கள். முழுப் பேர் வாயில் வராவிட்டாலும் கூப்பிடுங்கள். உதடு சேராவிட்டாலும் 'கா' வரும்.

அதற்குப் பிறகு நான் ஈப்போவை விட்டு எங்கும் போகவில்லை. போக வேண்டும் என்ற அரிப்பும் வரவில்லை. சண்டை முடிந்த பிறகு கோயில் வாசலில் பிள்ளைகளுக்குக் கரணம் பழக்கினேன். மு, ரு, கா என்றுதான் கணக்கு.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று இருட்டும் நேரத்தில் ஈப்போ வந்து, ஒரு சீனர் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் படுத்தோம். காலையில் கடைக்காரர் கதவைத் திறந்தார். அது சவப்பெட்டிக் கடை. அந்த வருஷம் ஊரில் ஓய்வில்லாத கடை அது ஒன்றுதான்.

"லு போலே அங்காட்?" தூக்க முடியுமா என்று என்னை மலாயில் கேட்டார்.

நான் யார், என்ன தெரியும் என்று அவருக்குச் சொல்ல வாய் இல்லை. கையால் காட்டினேன், பிள்ளைகளைப் பிடிக்கிற மாதிரி. இடுப்புக்கு ஒரு கை, தொடைக்கு ஒரு கை. பிணம் தூக்கிப் பழகியவன் என்று நினைத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். அஞ்சலையையும் பெண்ணையும் பின்கட்டில் கிழங்கு சீவ அனுப்பினார். என்னை உள்ளே கூட்டிப் போனார். தரையில் தலையைக் கோணியால் மூடிய ஒரு ஆள் கிடந்தான்.

குனிந்தேன். இடுப்பில் ஒரு கை கொடுத்தேன். தொடையில் ஒரு கை கொடுத்தேன். 'கா' என்றேன். தூக்கினேன்.