நான் பிடுங்கிய பல்பு

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் கடைசி லைனில் எனக்கு வேலை. ஸ்டார்ட் செய்த புது வண்டியின் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணையாமல் நின்றால், ரீவொர்க் அட்டையை மாட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. அந்தக் கார்களில் ஒன்றைக்கூட என்னால் வாங்க முடியாது. அந்தக் கடுப்பில்தான், அப்பா டாக்சி ஓட்டிய பழைய காரைப் பிரித்து மேய்ந்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் இடத்தில் ஒரு வேனின் ஆல்டர்னேட்டரை மாட்டி, ஏசியும் வைத்தேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்தபோது, டேஷ்போர்டில் சிவப்புச் சார்ஜ் விளக்கு லேசாக மினுங்குவதைப் பார்த்தேன். என் கண்ணுக்குச் சிவப்பு ஆகாது. பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சந்தனப் பொட்டு வைத்தேன்.

அந்த வாரமே பேட்டரி இறங்கிப்போனது. பிரஷ் மாற்றினேன், ரெகுலேட்டர் மாற்றினேன், பெல்ட்டை இறுக்கினேன். மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டிலேயே நின்றது. பதினான்கைத் தொட்டால்தான் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். இரண்டு மாதம் இப்படியே செத்தேன். பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டு மாட்டினால் ஒரு நாள் ஓடும், அவ்வளவுதான்.

என் மனைவி கடைசியாக ஒரு கெடு வைத்தாள். "ஞாயித்துக்கிழம தங்கச்சி வளைகாப்பு. போய்ட்டு வூடு திரும்பிட்டா வெச்சிக்கோ. நடுவுல நின்னுச்சு, வித்துடு."

நின்றது. படப்பையிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே. வளையல் தட்டையும் பழத்தட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் ஷேர் ஆட்டோவில் போனாள். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஓடாத வண்டியை யார் வாங்குவார்? தண்டலம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரர்தான் வந்து இழுத்துக்கொண்டு போனார். மறுநாளே வெட்டிவிட்டார்களாம்.

அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெயின்டெனன்ஸ்காரரிடம் புலம்பினேன். திருநெல்வேலிக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார்ஜ் லைட்டு எரிஞ்சுச்சாண்ணே?" என்றார். பல்பைக் கழற்றியதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டிய! அந்த பல்பு வழியாத்தான ஆல்டர்னேட்டருக்கு மொதக் கரண்டு போவும். அது போனாத்தான் ஆல்டர்னேட்டர் முழிச்சு சார்ஜ் ஏத்தும். திருப்பி மாட்டிப் பாருங்க, சரியாயிரும்."

"சரி, மாட்டிப் பாக்கறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆயுத பூஜைச் சட்டையைத் தேடினேன். துவைத்து மடித்த சட்டையின் பையில் பல்பு அப்படியே இருந்தது, உடையாமல். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். மனைவி வந்து தோளைத் தொட்டாள்.

"வுடுய்யா. அதுக்கு வயசாயிடுச்சு. நீ இன்னா பண்ணுவ, பாவம்."

பல்பு இருந்த கையை மூடிக்கொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.