நான் தூக்கி ஓடிய கண்ணன்

யப்பான் விமானங்கள் கொழும்புக்கு வரும் என்று எல்லோரும் நடுங்கிய காலம். அபாயச் சங்கு ஊதினால் என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்குவது, நான் சாமிப்படத்தைத் தூக்குவது என்று பழகி வைத்திருந்தோம். தங்கரேக்கு பதித்த தஞ்சாவூர்ப் படம், தவழும் கண்ணன்.

அன்று காலை அவர் சந்தைக்குப் போயிருந்தபோது சங்கு ஊதியது. படத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டு ஓடி, கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்துப் பதுங்குகுழிக்குள் குதித்தேன். தலைக்குமேல் விமானம் இரைந்தது. சேலை விலகி, பொன்முகம் சிரித்தது. அப்போதுதான் பிள்ளை என்னிடம் இல்லை என்பது உறைத்தது. குழி விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மேரியக்கா என் மகனை மார்போடு அணைத்தபடி குழிக்குள் விழுந்தார்.

"தொட்டிலுக்க கிடந்து கத்தினவன். பிள்ளையை விட்டிட்டு எதையடி தூக்கிக்கொண்டு வந்தனீ?"

நான் படத்தைச் சேலையால் மூடினேன்.

மகன் இப்போது என்னைவிட உயரம். ஆனாலும் கண்ணனுக்கு விளக்கேற்றுமுன், அவன் எங்கே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியை உரசுகிறேன்.