கேரியர் இல்லாத சைக்கிளில் இன்னொருவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் ஆள் நடமாட்டம் இருக்காது. மலை சைக்கிள் ஓட்டிப் பழக அந்தச் சாலைகளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். வண்டி வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இரண்டு பெடல்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து எழுந்து நின்றபடியே வண்டியை உருளவிட வேண்டும். மலைப்பாதைக்கு அதுதான் முதல் பாடம். எழுந்து நின்றேன். சாலையின் இடது ஓரம் மெல்ல மேலே எழும்பியது.

சாலை என்மேல் கவிழ்கிறது என்றுதான் நினைத்தேன். வலது தோள் தாரில் உரசிக் கிடக்க, கம்பெனிச் சுவர்கள் இடப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தன. கண்ணை மூடினாலும் ஓட்டம் நிற்கவில்லை. வாந்தி எடுத்தேன். கூட வந்திருந்த ஸ்டெல்லா என் கணவருக்குப் போன் செய்வது எங்கோ தூரத்தில் கேட்டது.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணிகளில் குறை தேடும் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டெல்லா அங்கே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். வாராவாரம் காங்கேயத்துக்குத் தெற்கே உள்ள கரட்டில் (கல்லும் முள்ளுமான சிறு குன்று) சைக்கிள் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முழங்கால் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டே வேலைக்கு வருவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நானும் வருகிறேன் என்றேன்.

மருத்துவமனையில் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, “பக்கவாதமுங்களா டாக்டர்?” என்பதுதான்.

ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. காது மருத்துவர் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, அவர் மூக்கையே பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினார். என் பார்வை அவர் மூக்கிலிருந்து வழுக்கிப் போய், தாமதமாகத் திரும்பி வந்தது. இடப்பக்கம் திருப்பியபோது அப்படி ஆகவில்லை.

“பக்கவாதம் இல்லீங்க. உள்காது சமநிலை நரம்புல அழற்சி” என்றார் (தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு வீங்கிக் கெடுவது). “வலது காது தகவல் சொல்றத நிறுத்திருச்சுங்க.”

“மறுபடியும் சொல்லுமுங்களா?” என்றேன்.

“சிலருக்குச் சொல்லும். சொல்லாட்டியும் மூளை பழகிக்குமுங்க. ஆனா படுத்தே கிடந்தா பழகாது.”

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என்னுடையது அந்த வகை இல்லை என்பது பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் சுவரைப் பிடித்து நடந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடினால் வலப்பக்கம் சரிந்தேன். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டிவைத்து, அதைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் ஆட்டுவதுதான் மருந்து. மாத்திரை சில நாட்களோடு நின்றுவிட்டது. மூன்றாம் வாரம் வேலைக்குப் போனேன்.

அந்த வாரத்தில்தான் அது வந்தது.

செக்கிங் மேசையில் குனிந்திருந்தேன். வலது தோளுக்குப் பின்னால், எட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், யாரோ நின்றார்கள். சத்தம் இல்லை, நிழல் இல்லை. நிற்கிறார்கள் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. திரும்பினேன். துணிக்கட்டுகள்தான் இருந்தன. மறுபடி குனிந்தேன். சற்றுத் தாமதித்து அதுவும் குனிந்தது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என்னை அறியாமல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

“ஆருக்கு வழி விடற?” என்றார் கணவர்.

“சேரு ஆடுதுங்க” என்று பொய் சொன்னேன்.

மருத்துவரின் அனுமதியோடு ஏழாம் வாரம் மீண்டும் சைக்கிளைத் தொட்டேன். கணவருக்குச் சம்மதமில்லை. “வித்துரலாம். நீ ரோட்டுல கெடந்தத நான் பாத்தேன், நீ பாக்கல” என்றார். ஆனாலும் அவரே சைக்கிளைத் தன் வேனில் ஏற்றினார்.

தொழிற்பேட்டைச் சாலையில் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பின்சக்கரத்தின் மேல் ஒரு கனம் ஏறியது. மலை சைக்கிளில் கேரியர் கிடையாது. அங்கே ஒருவர் உட்கார இடமே இல்லை. இருந்தும் வலப்பக்கம் வளையும்போது, நான் சாய்வதற்கு முன்பே அந்தக் கனம் சாய்ந்தது.

“ஸ்டெல்லா, பின்னால புடிக்காத, விட்டுரு” என்றேன்.

“யக்கா, நா இங்கல்லா நிக்கேன்.” குரல் எனக்கு முன்னால், சாலை முனையிலிருந்து வந்தது.

அடுத்த முறை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பைத்தியம் என்பார் என்று பயந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஆம்பளையா, பொம்பளையாங்க?”

“பொம்பளைங்க. என் ஒசரந்தான் இருக்கும். நான் குனிஞ்சா குனியுது.”

“அது நீங்கதானுங்க. உங்க உடம்பு எங்க இருக்குதுன்னு மூளைக்கு இப்ப சரியாத் தெரியல. இருக்கிற இடத்துல ஒருக்கா, கொஞ்சம் தள்ளி ஒருக்கா போட்டுக் காட்டுது. இந்த நரம்பு கெட்டவங்க சிலர் இப்படிச் சொல்றதுண்டு. போயிரும். அதுவரைக்கும் அதோட சண்டைக்குப் போகாதீங்க.”

பேய் என்றிருந்தால்கூட விரட்ட வழி தேடியிருப்பேன். என்னை எதை வைத்து விரட்டுவது?

அவர் சொன்னபடி சண்டைக்குப் போகவில்லை. பழகினேன். சீட்டை இறக்கினேன். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன், கல்லில் பிடிப்பதற்காக. பிரேக்கில் ஒரே விரல், முழங்கால் இளக்கமாக, இறக்கத்தில் இடுப்பு பின்னால். ஸ்டெல்லா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள்: “கல்லப் பாக்காதீயக்கா. எங்க போவணுமோ அங்க பாருங்க.” சுவரில் ஒட்டிய எழுத்தும் அதைத்தான் பழக்கியிருந்தது. காது இல்லாத இடத்தில் கண் நின்றுகொண்டது.

ஐந்தாம் மாதம் கரட்டுக்குப் போனோம். கணவர் அடிவாரத்தில் வேனோடு நின்றார். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். அதில் வெட்கமில்லை. மேலே போய்த் தலைக்கவசத்தை இறுக்கி, முழங்கால் பட்டையைச் சரிசெய்து, ஸ்டெல்லாவுக்குப் பின்னால் வண்டியை விட்டேன்.

கற்கள் மணிக்கட்டு வழியாகப் பல்வரை அதிர்ந்தன. பாதி இறக்கத்தில் பாதை வலப்பக்கம் வளைந்தது. பின்னால் கனம் அசைந்தது. பார்வையை வளைவின் முடிவில் வைத்தேன். வண்டி சரிந்தது, பிடித்தது, நிமிர்ந்தது. அவ்வளவுதான். அடிவாரத்தில் வந்து நின்றேன்.

ஸ்டெல்லா தலைக்கவசத்தைக் கழற்றினாள். “யக்கா, வளைவுல யாரப் பிடிச்சிக்கிடச் சொன்னீய?”

“நானா?”

“நல்லாப் பிடிச்சிக்கோன்னு சத்தமாச் சொன்னீயளே. என்னையோன்னு நெனச்சேன்.”

எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. கணவர் என் தோளைப் பிடித்து வேனில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தும் முன், வெளியே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்பதுபோல ஒருமுறை பார்த்தார்.

அதன் பிறகு அது வரவில்லை. சில நாள் குனிந்த நிலையிலேயே காத்திருந்து பார்த்திருக்கிறேன். நிம்மதிதான். ஆனால் முதுகுப்புறம் காலியாகிவிட்ட வீடுபோல இருந்தது.

ஒரு வருடம் கழித்து மருத்துவர் மறுபடியும் சோதித்தார். வலது நரம்பு திரும்பவே இல்லை. “இனி திரும்பாதுங்க. நீங்க அது இல்லாமயே ஓட்டிட்டு இருக்கீங்க” என்றார்.

இப்போதும் ஞாயிறுகளில் போகிறேன். விளக்கில்லாத அறையில் மட்டும் சுவரைத் தொட்டு நடக்கிறேன். நிற்பது தானாக நடக்கிற காரியமாக எனக்கு இனி இருக்காது. ஒவ்வொரு கணமும் நான் செய்துகொண்டிருக்கும் வேலை அது. கம்பெனியில் வலப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் நான் முதலில் திரும்பிவிடுகிறேன். செக்கிங் ஹால், மேசைகள், கூப்பிட்டவரின் முகம் எல்லாம் ஒரு கணம் பிந்தித்தான் வந்து சேர்கின்றன. அந்தக் கணத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. அவை வந்து சேர்ந்த பிறகு, “சொல்லுங்க” என்கிறேன்.