கல்யாணியும் தகரப்பெட்டியும்

காபி கைக்கு வந்த பிறகும் நரசிம்மமூர்த்தி உடனே குடிப்பதில்லை. டம்ளரைத் தூக்கிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போகிறார். அங்கே கட்டியிருக்கும் சாம்பல் நிறப் பெண்குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவே இடது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். உடம்புச் சூடு சரியாக இருக்கிறதா, நெஞ்சுத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். திருப்தியான பிறகுதான் முதல் வாய் காபி. அதற்குள் அது பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருக்கும்.

“எனக்கு ஜுரம்னா ஒரு நாள் நெத்தியைத் தொட்டுப் பார்த்ததில்லை. அவளுக்கு மட்டும் தெனம் பார்த்தாகணும்,” என்கிறாள் அவர் மனைவி வத்ஸலா மாமி. சொல்லிக்கொண்டே குதிரைக்குக் கொள்ளை வேகவைப்பதும் மாமிதான்.

அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. பூர்வீகம் மேல்கோட்டை. வயது ஐம்பத்திரண்டு. பஞ்சகச்சம், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, சரிகைத் தலைப்பாகை, நெற்றியில் பளிச்சென்று திருமண். இந்தக் கோலத்தில் ஒருவர் குதிரைமேல் வந்தால் யாராயிருந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். குழந்தைகள் மட்டும் பார்ப்பதில்லை. ஓடிப்போய் நெற்குதிருக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். ஏனென்றால் அவர் அம்மை குத்துகிற இன்ஸ்பெக்டர். மைசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவர் குதிரைக்கு ‘ஊசிக்குதிரை’ என்றே பெயர். அதன் உண்மைப் பெயர் கல்யாணி, மேல்கோட்டைக் குளத்தின் பெயர்.

அவருக்கு முகம் ஞாபகம் இருப்பதில்லை. கைதான் ஞாபகம் இருக்கிறது. நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று என்னைப் பார்த்து ஊர் எது, பேர் எது என்றெல்லாம் கேட்கவில்லை. சட்டைக் கையை மடக்கச் சொன்னார். தழும்பைப் பார்த்துவிட்டு, “நன்னா எடுத்திருக்கு. குத்தினவன் கைகாரன். அஷ்டே, அவ்ளோதான்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் என் பெயரை அவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்.

இன்னொன்று, சர்க்கார் சொத்து என்றால் அவருக்கு ஒரு பயம். சர்க்கார் மையில் சொந்தக் கடிதம் எழுதமாட்டார். கல்யாணியும் சர்க்கார் குதிரைதான். ஐந்து வயதில் அவரிடம் வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதன்மேல் ஏறிக் கடைக்கோ கோயிலுக்கோ போனதில்லை. ஏறினால் உத்தியோகம். இல்லாவிட்டால் நடை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். பட்டியலைப் பார்த்தார். குதிரைக்கு வயது இருபத்தொன்று என்று இருந்தது. ஏலத்தில் விட்டுவிடலாம் என்று எழுதிவிட்டார். கிழட்டுக் குதிரையை ஏலத்தில் யார் எடுப்பார்கள்? சுண்ணாம்புக் காளவாய்க்காரன்தான் எடுப்பான். கல் வண்டியில் பூட்டி விழுகிறவரை ஓட்டுவான். அப்படி ஒருவன் அந்த வாரமே வந்து கல்யாணியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கு நரசிம்மமூர்த்தி சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமி சொன்னாள்.

அந்தத் தசராவை ஒட்டிக் குதிரைப் பிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு நெடுந்தூரச் சவாரி ஏற்பாடு செய்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து மைசூருக்கு எண்பத்தாறு மைல். இரண்டு நாள். இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்குள் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். வந்தால் மட்டும் போதாது. மிருக வைத்தியர் பார்த்து, குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் சவாரியை முடித்ததாகக் கணக்கு.

இவர் மேலதிகாரியிடம் போய் நின்றார். “அந்தக் கிழம் இதை முடித்துவிட்டால், சாகிறவரை அதை நீரே வைத்துக்கொள்ளும்,” என்று அவர் சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லை. அதை எழுத்தில் கேட்டார். சவாரிக்குக் கல்யாணியை எடுத்துப்போக அனுமதியையும் எழுத்தில் கேட்டார். இரண்டும் கிடைத்தன. மற்றக் குதிரைகளோடு கல்யாணியையும் ரயிலில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்.

அம்மைப்பெட்டியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அது ஒரு தகரப்பெட்டி. ஈரத்துணியில் சுற்றிய அம்மைப்பால் குழாய்கள், கத்தி, ஒரு சின்ன விளக்கு, எல்லாம் அதில்தான் இருக்கும். உத்தரவில் ‘குதிரை’ என்று எழுதியிருந்தது. ‘பெட்டி’ என்று எழுதியிருக்கவில்லை. எழுதாததை எப்படி எடுத்துப்போவது?

பத்தொன்பது குதிரைகள் விடியற்காலையில் கிளம்பின. கெங்கேரி தாண்டிய பிறகு சாலையோரத்தில் ஒரு அரசமரம், அதைச் சுற்றிக் கல்மேடை. கல்யாணி நேரே மேடையருகில் போய் நின்றுவிட்டது. அது செய்ததில் தவறே இல்லை. பதினாறு வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் அரசமரத்து மேடையில்தான் அம்மை குத்துவது. குத்தி முடிகிறவரை நின்றே அதற்குப் பழக்கம். ஆனால் இன்றைக்குக் கிளம்பமாட்டேன் என்கிறது.

“போலாம்மா,” என்றார். எப்போதும் அப்படித்தான் சொல்வார். அது அசையவில்லை. வெல்லம் கொடுத்தார். தின்றுவிட்டு நின்றது. இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார், வயிற்றில் தட்டினார், கெஞ்சினார். பின்னால் வந்த குதிரைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. இளவட்டம் ஒருவன், “ஸ்வாமி, அது தவம் பண்றது, தொந்தரவு பண்ணாதீங்கோ,” என்று கூவிக்கொண்டே போனான். இவர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்குள் சுண்ணாம்புக் காளவாய்தான் தெரிந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். “வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுதுட்டேன்.”

மேடையின் மறுபக்கத்தில் வெற்றிலை பாக்கு விற்கிற நாச்சம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளேகாலத்துப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

“ஏனுங் சாமி, குதுரைக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு, தனக்கு ஒரு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, தகர வெற்றிலைப்பெட்டியை ‘டக்’ என்று மூடினாள்.

கல்யாணி தலையைத் தூக்கியது. காதை விறைத்தது. அடுத்த கணம் சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. மேலே ஆள் இல்லையே என்பதைப் பற்றி அது கவலைப்படவில்லை. இவர் பஞ்சகச்சத்தோடு பின்னால் ஓடி அரை பர்லாங்கில் பிடித்தார்.

“பதினாறு வருஷமா என் பேச்சைக் கேக்கறதுன்னு நெனைச்சிண்டிருந்தேன்,” என்று இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும். “பெட்டி பேச்சைன்னா கேட்டிண்டிருந்திருக்கு. குத்தி முடிச்சுப் பெட்டியை மூடுவேன், போலாம்மான்னு சொல்லுவேன். அது மூடற சத்தத்துக்கே கெளம்பியாச்சு. நான் சொன்னது தண்டம்.”

திரும்பி வந்து பெட்டியைக் கேட்டார். நாச்சம்மாள் லேசில் மசியவில்லை. “இது எங்கம்மா சீராக் குடுத்ததுங்க. உங்களுட்ட குடுத்துப்போட்டு நானு தெருவுல நிக்கறதுங்களா? மறுக்கா நீங்க இந்தப் பக்கம் வருவீங்கன்னு எனக்கென்ன தெரியுமுங்க?”

நரசிம்மமூர்த்தி கோட்டுப் பையிலிருந்து தகப்பனார் வைத்துவிட்டுப் போன வெள்ளிக் கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தார். மணி பார்த்து முடிக்க வேண்டிய சவாரியில் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு வெற்றிலைப்பெட்டியோடு போனவர் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

பிதடி, குளோஸ்பேட்டை, சென்னபட்டணம் என்று வழி நெடுக அரசமரத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மேடையிலும் கல்யாணி நின்றது. அதை உடனே விரட்ட இவருக்கு மனம் வரவில்லை. இறங்குவார், கழுத்தையும் தொடையையும் ஈரத்துணியால் துடைப்பார், தண்ணீர் காட்டுவார், நெஞ்சில் உள்ளங்கையை வைப்பார். துடிப்பு அடங்கியதும் பெட்டியை மூடுவார். முதல் நாள் பொழுது சாய மத்தூரில் தங்கல். மறுநாள் ஸ்ரீரங்கபட்டணம் தாண்டியதும் மணி என்ன என்று எதிரில் வந்தவர்களைக் கேட்டார். ஒருவர் இரண்டு என்றார். கால் மைல் தாண்டி இன்னொருவர் மூன்றரை என்றார். இரண்டையும் நம்ப முடியவில்லை. கல்யாணிக்கு மூச்சு வாங்கவே, கடைசி மூன்று மைல் இறங்கி நடந்தார்.

அன்று நானும் மைதானத்தில் இருந்தேன். பதினொரு குதிரைகள் வந்து சேர்ந்திருந்தன. ஏழு குதிரைகள் நடுவழியில் நொண்டியும் மூச்சுத் திணறியும் நின்றுவிட்டன என்று தகவல் வந்திருந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்த நேரத்தில், தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, ஒரு செருப்பு அறுந்து கையில் இருக்க, அவர் நடந்து வந்தார். பின்னால் கல்யாணி. “மணி என்ன?” என்பதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை. நாலடிக்க ஒன்பது நிமிஷம் இருந்தது.

மிருக வைத்தியர் பசவராஜ் குதிரையின் ஈறுகளைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், நாலு கால்களையும் தடவினார். “எல்லாம் சரி ஸ்வாமி. கொஞ்சம் ஓடவிட்டுக் காட்டுங்கோ, நொண்டறதான்னு பார்க்கணும்.”

கல்யாணி அசையவில்லை. கடிவாளத்தைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. வைத்தியர் இன்னொரு தடவை சொன்னார். கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மேலதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எண்பத்தாறு மைல் வந்து கடைசி இருபது அடியில் போயிற்றே.

நரசிம்மமூர்த்தி கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு வெற்றிலைப்பெட்டியை எடுத்தார். இந்த நேரத்தில் மனுஷன் வெற்றிலை போடப்போகிறாரா என்று நான் வாயைப் பிளந்தேன். திறந்தார். ‘டக்’ என்று மூடினார். கல்யாணி அந்த மைதானத்தின் குறுக்கே ஒரு கால் பிசகாமல் நேராக ஓடியது. பிடித்துக்கொண்டிருந்த இவர்தான் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே கூட ஓடினார்.

வைத்தியர் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே வாடிப்போன இரண்டு வெற்றிலை இருந்தது. “இதுதானா உங்க சவுக்கு?” என்று கேட்டுவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அவர் சொந்தச் செலவில் ரயிலேறிப் போய், பெட்டி நிறைய மைசூர் வெற்றிலையை அடுக்கி நாச்சம்மாளிடம் திருப்பிக் கொடுத்துக் கடிகாரத்தை வாங்கி வந்தார். அவள் கையையும் பார்த்திருக்கிறார். தழும்பு இல்லை. அது தன் சரகம் இல்லை என்பதால் அந்தச் சரகத்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார், சொந்த மையில்.

சவாரிக்குப் பிறகு ஒரு வருஷம் கல்யாணி வழக்கம்போல் ஊர் ஊராகப் போனது. அப்புறம் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. இனிமேல் சாலைக்கு வேண்டாம் என்று பசவராஜ் சொல்லிவிட்டார். இலாகா இவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்தது. எழுதிக் கொடுத்தபடி குதிரை வீட்டோடு வந்து சேர்ந்தது. முதல் நாள் காலையில் இவர் கூடத்தில் உட்கார்ந்து குழாய்களை எண்ணி வைத்து அம்மைப்பெட்டியை மூடினார். கொல்லையில் முளை பிடுங்கிக்கொண்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு, வீங்கிய காலோடு, கல்யாணி சமையலறை வாசலில் வந்து நின்றதாம். மாமி கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள்.

நேற்றுக் காலை நான் போனபோது காபி முடிந்திருந்தது. அவர் கூடத்தில் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். கொல்லைக் கதவு திறந்திருந்தது. கல்யாணி கொள்ளை மென்றபடி ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். தோளிலிருந்த அங்கவஸ்திரத்தின் முனையை நாலாக மடித்துப் பெட்டியின் விளிம்பில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் மூடியை மெல்ல மெல்ல அமுக்கிச் சத்தமில்லாமல் மூடினார்.