சுவர்க்கோழிக்குக் கட்டின வீடு

எம் மக இசைவாணி பூச்சியோட நரம்பை ஆராய்ச்சி பண்றவ. எங்க ஊரு எம். புதுப்பட்டியில இப்படிச் சொன்னா சிரிக்காக. எதுத்த வீட்டுக் குருவம்மா, "பூச்சி பிடிக்கவா இம்புட்டுப் படிச்சா?"ன்னு கேட்டா. விட்டேனா? "ஒம் மகன் எட்டு வருசமா ஈ ஓட்டுறானே, அதுக்கு எம்புட்டுப் படிச்சான்?"னு கேட்டேன். அன்னைலருந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. போறா, கழுத.

இவ அப்பா பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம் வெடிச்சுச் செத்தப்ப இவளுக்குப் பதினோரு வயசு. கூட இருந்த ஆளு பொகையப் பாத்ததும் ஓடித் தப்பிச்சிட்டாரு, இவரு நின்னுட்டாரு. "அப்பா ஏம்மா ஓடல?"ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுனேன், இவ கையில மருந்தும் படக்கூடாது, பசையும் படக்கூடாதுன்னு. வீட்டுல உக்காந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி உருட்டித்தான் இவளப் படிக்க வச்சேன்.

இவ எடுத்துக்கிட்டது சுவர்க்கோழி. வீட்டு மூலையில கிர்ருகிர்ருன்னு கத்துமே, அதேதான். அதுக்குப் பின்னால ரெண்டு வாலு, வாலு பூரா பொடிப்பொடி முடி. லேசாக் காத்துப் பட்டாலும் முடி ஆடி, நரம்புல சேதி போயி, கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள ஓடிரும். ஒரு வாலு போன பூச்சி தடுமாறும். ஆனா நாள் போகப் போக ஒத்த வாலை வச்சே சரியா ஓடப் பழகிக்கிருமாம். அதுக்கு நரம்புக்குள்ள என்ன மாறுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இவ வேல. "நம்மளும் ஒத்த ஆளு போயி ஓட்டுறோம்லம்மா"ன்னு சிரிப்பா.

அஞ்சு வருசத்துல உதவித்தொகை நின்னுபோச்சு, விடுதியவும் காலி பண்ணச் சொல்லிட்டாக. கடைசிச் சோதனைக்குன்னு குஞ்சுலயே ஒத்த வாலை எடுத்து ரெண்டு மாசமா வளத்த நாப்பது பூச்சிய டப்பாவுல போட்டு வீட்டுக்கே கொண்டாந்தா. நரம்பை அளக்குற மிசின் திங்கக்கெழம ஒரு நாள்தான் குடுப்பாகளாம். அதை விட்டா தீசிஸ் முடியாது, பேரையே அடிச்சிருவாகளாம்.

சனிக்கெழம ஏதோ கையெழுத்து வாங்க மதுரைக் காலேசுக்குப் போனா. "எம்மா, தண்ணிப் பஞ்சை மட்டும் மாத்து. வேற எதையும் தொட்ராத"ன்னுட்டுத்தான் போனா.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! பூச்சி ஒளியறதுக்கு முட்டை அட்டை போட்டிருந்தா. பஞ்சை மாத்துறப்ப தண்ணியக் கொட்டித் தொலைச்சேன், அட்டை நனைஞ்சு போச்சு. அதை எடுத்துப் போட்டுட்டு, அப்பத்தான் உருட்டுன குழாயில நாப்பது எடுத்து அடுக்கி வச்சேன். ஆளுக்கொரு வீடுன்னு உள்ள போயி உக்காந்துக்கிருச்சுக. எனக்கு அம்புட்டுச் சந்தோசம். ஈரப் பசைய அரிச்சுத் தின்னதுகளப் பாத்து, "நல்லாத் தின்னுங்க"ன்னு வேற சொன்னேன், பாவி!

ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து டப்பாவத் தொறந்தவ அப்படியே நின்னுட்டா. ஒவ்வொண்ணா எடுத்து வாலுல ஊதுறா. ஒண்ணுகூட அசையல, அம்புட்டும் செத்துப்போச்சு. ஒரு குழாய மோந்து பாத்துட்டு, "பசையில என்னம்மா போடுவ?"ன்னா.

மைதா மாவு, மயில்துத்தம்ங்கிற நீல வெஷக் கல்லு. பூச்சி அரிக்கக் கூடாதுன்னுதான மயில்துத்தமே போடுறது! பதினாறு வருசமா என் கையாலதான கரைக்கேன்! அந்நேரம் இந்தப் புத்தியில ஏறலையே.

"என்னை வைய்யி தாயி, ரெண்டு அடி அடி"ன்னு அழுதேன். அவ காலேசுக்குப் போன் போட்டுக் கேட்டா. வேற நாள் கெடையவே கெடையாதுன்னுட்டாக.

இன்னைக்குத் திங்கக்கெழம. மதுரைக்குப் போகல. காலையில நான் குழாய் உருட்டுற பலகைய எடுத்துப் போட்டதும் வந்து எதுத்தாப்புல உக்காந்தா. காகிதத்தை எடுத்தா, பசைச் சட்டியில வெரல விட்டா, உருட்ட ஆரம்பிச்சா. சொல்லித்தர வேலையே இல்ல, நல்லாத்தான் உருட்டுறா.

பொறுக்கமாட்டாம எந்திரிச்சுப் போயி அவ பின்னங்கழுத்துல ஊதுனேன். "ஓடிரு தாயி"ன்னேன். அவ திரும்பிக்கூடப் பாக்காம அடுத்த காகிதத்தை எடுத்தா.