நெல்லிமேட்டில் சிக்னல் இல்லாததை அரசு அறியுமா?

கேள்வி எழுதி மாதச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. வாத்தியார் இல்லை. மாநிலங்களவை உறுப்பினர் ஒருவருக்கு உதவியாளர். ஐயாவுக்கு இது மூன்றாவது தவணை. தில்லியில் அவர் எழுந்து நின்று கேட்பதை, உத்திரமேரூரில் உரக்கடை மாடியில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கும் அதே அவஸ்தைதான், லெட்டர்பேடு மட்டும் கொஞ்சம் உசத்தி.

ஓட்டுக் கேட்காதவர்

எங்கள் ஐயாவுக்கு ஊரில் யாரும் ஓட்டுப் போட்டதில்லை. மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். இதை விளக்குவதிலேயே என் பாதி நாள் போய்விடும். "எனக்குத் தெரியாம எப்ப எலெக்சன் நடந்திச்சு?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

நாகம்மா வந்தது ஐப்பசி மழையில். நெல்லிமேட்டில் ஒண்ணரை ஏக்கர் பயிர் வைக்கிற அம்மாள். அந்த ஊரில் எந்தக் கம்பெனி போனும் எடுக்காது. பேச வேண்டுமானால் அரை மைல் நடந்து ஏரிக்கரை மேல் ஏற வேண்டும். போன வருடம் மருமகள் செல்விக்கு எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. மகன் போனைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஏரிக்கரைக்கு ஓடியிருக்கிறான். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. இப்போது செல்வி மறுபடி முழுகாமல் இருக்கிறாள், தையில் பிரசவம். அதற்குள் ஊருக்கு ஒரு டவர் வேண்டும். உடனே மனுவை எழுதி வாங்கிக்கொண்டேன். இருந்தாலும், ஐயாவைப் பற்றி ரொம்ப நம்பிக்கை வைத்துவிடக் கூடாதே என்று ஓட்டு விஷயத்தை அந்த அம்மாளிடமும் விளக்கினேன்.

நாகம்மா முகம் மலர்ந்துவிட்டது. "ஓட்டு கேட்டு வந்தவங்க யாரும் ஒண்ணியும் பண்ல நைனா. இவரு ஓட்டே கேக்கல. இவராச்சும் செய்வாரு பாரு!"

அ, ஆ, இ, ஈ

பாராளுமன்றக் கேள்வி என்றால் கண்டபடி கேட்டுவிட முடியாது. பதினைந்து நாள் முன்னாலேயே கொடுக்க வேண்டும். வாதம் கூடாது, ஊகம் கூடாது, குற்றச்சாட்டு கூடாது, நையாண்டி கூடவே கூடாது. இதையெல்லாம் எடுத்துவிட்டால் நம் ஊரில் மனிதர்கள் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று விதி எழுதினவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எழுதி முடித்து நாகம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) நெல்லிமேடு கிராமத்தில் அலைபேசி சிக்னல் இல்லாததை அரசு அறியுமா, (ஆ) அறிந்திருப்பின் அதன் விவரம், (இ) கோபுரம் அமைக்கும் உத்தேசம் உண்டா, (ஈ) இல்லையெனில் அதற்கான காரணம்." எனக்கே பெருமையாக இருந்தது. பதினோரு வருடத்து சர்வீஸ், ஒரு கமா பிசகாது.

நாகம்மா காகிதத்தை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "கொழந்த செத்துச்சே, அது இதுல எங்க வருது நைனா? அ-வா, ஆ-வா?"

மேலே போன கேள்வி

வந்த கேள்விகளையெல்லாம் குலுக்கிப் போட்டதில் எங்கள் கேள்வி தேறியது. அதுவும் நட்சத்திரக் கேள்வி. அமைச்சரே வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டிய ரகம். ஐயா தில்லியிலிருந்து போன் போட்டு, "பலே!" என்றார். நானும் நாகம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து நெல்லிமேட்டு வி.ஏ.ஓ. மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். தில்லி சென்னையைக் கேட்டிருக்கிறது, சென்னை மாவட்டத்தை, மாவட்டம் தாலுகாவை, தாலுகா இவரை. இவர் கேட்பதற்குக் கீழே ஆள் இல்லை, அதனால் என்னிடம் வந்துவிட்டார். எத்தனை வீடு, எத்தனை தலை, டவர் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "ஏன் சார், நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்றதா?" என்று எரிந்து விழுந்தேன்.

மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "கேள்வி உங்களுதுன்னா விவரமும் உங்களாண்டதானே சார் இருக்கும்? ரெண்டு பேரும் ஒரே மாரி சொன்னாத்தானே கெவர்மென்ட்டுக்கு கொயப்பம் இருக்காது!"

பன்னிரண்டாவது எண்

அன்றைக்கு எங்கள் கேள்விக்கு எண் பன்னிரண்டு. நாகம்மா வெள்ளனவே வந்து டி.வி. எதிரில் உட்கார்ந்துவிட்டார். டீ கொண்டுவந்த எதிர்க்கடை மணியும் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாவது கேள்வி போய்க்கொண்டிருந்தபோது எதற்கோ கூச்சல். எல்லோரும் நடுவில் இறங்கிக் கத்த, அவை ஒத்திவைக்கப்பட்டது. ஐயா கடைசி வரிசையில் காகிதத்தை மடிப்பது ஒரு விநாடி தெரிந்தது. "அவ்ளோதானா?" என்றார் மணி. அவ்வளவுதான்.

அவை மேசையில் வைக்கப்பட்ட எழுத்துப் பதில் சற்று நேரத்தில் வந்தது. "ஊர் மக்கள் முன்னிலையில் நேரடி ஆய்வு செய்யப்பட்டது. சிக்னல் திருப்திகரமாக உள்ளது. ஆகவே (இ), (ஈ) கேள்விகள் எழவில்லை." எனக்கு ரத்தம் கொதித்தது. ஆய்வுக்கு யார் வந்தது, எங்கே வந்தது, எல்லாம் பொய் என்று கத்தினேன்.

"வந்தாரே!" என்றார் நாகம்மா. சிக்னல் அளக்கிற மெஷினும் கையுமாக ஒரு பையன் ஆபீசர் வந்திருக்கிறார். ஊரே கூடி இளநீர் வெட்டிக் கொடுத்து, நாட்டுக்கோழி அடித்துச் சோறு போட்டிருக்கிறது. அப்புறம் மெஷினை வைக்க நல்ல இடமாகப் பார்த்து நாகம்மாவே முன்னால் நடந்து கூட்டிப் போயிருக்கிறார். எங்கே என்று கேட்கிறீர்களா? ஏரிக்கரை மேலே. நாலு கோடும் நிறைய எடுத்ததாம்.

தலையில் அடித்துக்கொண்டேன். நாகம்மாவுக்கு என் மேல்தான் வருத்தம். "இன்னா நைனா பேசற? அம்மாந்தூரத்துலேர்ந்து நம்மள நம்பி வந்த மனுசன, சிக்னலே எடுக்காத எடத்துல நிக்க வெச்சா மரியாதயா இருக்குமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினேன். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மணி சொன்னார்: "நம்ம மேலயும் தப்பு கீது சார். ஆபீசருக்கு சோறு போடாம வுட்டிருந்தா உண்மையா எழுதியிருப்பாரு."

மூன்று நிமிடம்

விஷயத்தைச் சொன்னதும் ஐயாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவசர விஷயங்களை எழுப்புகிற பூஜ்ய நேரத்தில் பேச அனுமதி வாங்கினார். உறுப்பினருக்கு மூன்று நிமிடம், முடிந்ததும் மைக் தானாக அணைந்துவிடும். நெல்லிமேட்டைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.

ஐயாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. உரத் தட்டுப்பாடானாலும் சரி, விமானக் கட்டணமானாலும் சரி, உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டில்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்கும் சோழர் காலத்தில் பானைக்குள் ஓலை போட்டதில் தொடங்கி, ஒவ்வொரு ஓலையாக எடுத்தார். மேசைகள் தட்டப்பட்டன. "அப்பேர்ப்பட்ட மண்ணில், நெல்லி..." என்றார், மைக் அணைந்தது.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலம். "பார்த்தியாய்யா? ஆளுங்கட்சிக்காரங்களே கை குடுத்துட்டுப் போறாங்க!"

வந்து சேர்ந்தவள்

மார்கழி கடைசியில் ஒருநாள் நாகம்மா ஒரு பாய், ஒரு துணிமூட்டை, நிறைமாத செல்வி, மூன்றையும் மாடியேற்றிக் கொண்டுவந்தார். "பெரசவம் ஆவற வரிக்கும் இவ இங்கதான் இருப்பா. இங்க போன் எடுக்குது" என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டால் இன்னும் நாள் இருக்கிறது, வீட்டுக்குப் போ என்கிறார்களாம். எம்.பி. ஆபீசில் பிள்ளைத்தாய்ச்சியா என்று பதறினேன். செல்வி பாவம், துணிமூட்டையை அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். போன வருடத்துப் பயம் அந்தப் பெண் கண்ணில் அப்படியே இருந்தது. ஐயாவின் அறையைத் திறந்துவிட்டேன், வேறென்ன செய்ய?

பொங்கலுக்கு ஐயா வந்தார், மாலையும் சால்வையுமாகப் பத்துப் பேர் பின்னால். வாசலில் காரை நிறுத்தி மேலே வந்தவர், தன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, "யாரும்மா?" என்றார். "நெல்லிமேடுங்க" என்றாள். ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆள் யார் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள், மாட்டுப்பொங்கல் பகல் பன்னிரண்டு மணிக்கு, கட்சிக்காரர்கள் நடுவில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது செல்விக்கு வலி எடுத்தது. நான் போனை எடுப்பதற்குள் ஐயா எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஒரு பக்கம் தாங்கிப் பிடித்து இறக்கினார். ஆஸ்பத்திரி நாலே தெரு. கார் போகப் போக டிரைவரை "போய்யா, போய்யா" என்று விரட்டிக்கொண்டே வந்தார்.

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ, கத்தின கத்தலில் வராந்தாவே அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். நாகம்மா ஐயாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த கூட்டத்தொடரில் இந்தப் பிரச்சினையை விடப்போவதில்லை என்று ஆரம்பித்தார்.

"அய்ய, அதெல்லாம் வாணாங்கய்யா" என்று நாகம்மா தடுத்தார். "இம்மா நாளா அங்க போயி கேட்டுக்கினு இருந்ததுக்கு, காரோட இங்கயே இருந்திருந்தா போன கொழந்தயும் பொழைச்சிருக்கும்."

பதினோரு வருடமாகக் கேள்வி எழுதிச் சோறு தின்கிறவன் சொல்கிறேன், எங்கள் தொழிலில் பதில் வராத கேள்வியே கிடையாது, டவர்தான் இன்னும் வரவில்லை.