மங்கலம்பேட்டைக்கு வந்த எருமை

மங்கலம்பேட்டையில் என்ன பிடிக்கவில்லை என்று தில்லையம்மாளிடம் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. கேட்டவருக்குப் பஸ் போய்விடும். செம்மண் புழுதி பிடிக்கவில்லை. காலையில் வெள்ளையாகக் காயப்போட்ட வேட்டி சாயங்காலம் காவியாகக் கைக்கு வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் முக்கால் மணி நேரம் மட்டும் சொட்டுகிற குழாய் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், "இந்த ஊருக்கு ஆயுசுக்கும் வெள்ளம் வராது, தெரியுமா?" என்று வாரத்துக்கு நாலு தரம் மார்தட்டுகிற புருஷன் ஞானசேகரனைச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"வெள்ளம் வராது, சரி மாமா. குடிக்கத் தண்ணி வருமா?" என்பாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

குமராட்சிப் பக்கம், கொள்ளிடக் கரையோரத்தில் அவர்கள் வீடு. மூன்றாவது தடவையும் வெள்ளம் உள்ளே புகுந்து, பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒன்பது நாள் படுத்துக்கிடந்து திரும்பியபோது ஞானசேகரன் முடிவு கட்டிவிட்டார். மங்கலம்பேட்டையில் சித்தப்பா மகன் வீடு சும்மா கிடக்கிறது, முந்திரி ஆலையில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, போகிறோம். அவளைக் கேட்கவில்லை, சொன்னார். அவளும் அழவில்லை, ஒன்றே ஒன்று சொன்னாள்: "செல்லி வந்தா நானும் வரேன்."

செல்லி அவளுடைய எருமை. சித்திரை வெயிலில் அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

பழைய ஊரில் செல்லிக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பால் கறந்ததும் தானே வாய்க்காலுக்குப் போகும். மூக்கு மட்டும் வெளியே தெரிய நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும். இங்கே வாய்க்காலுக்கு எங்கே போவது? வேப்பமர நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றது. முதுகுத்தோல் வெடித்தது. தில்லையம்மாள் தன் குளியலைப் பாதியாக்கி மிச்சத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள், ஈரச் சாக்கைப் போர்த்தினாள். நாலு லிட்டர் கறந்த எருமை ஒரு லிட்டருக்கு இறங்கி, ஆவணியில் அதையும் நிறுத்திக்கொண்டது.

"வெள்ளிக்கெழம மாட்டுத் தரகர் தங்கராச வரச் சொல்லியிருக்கேன்" என்றார் ஞானசேகரன். "எருமைய வச்சிக்கிட்டு இங்க காலம் தள்ள முடியாது, தில்ல."

"கறவ நின்ன எருமைய எவன் வளக்க வாங்குவான்? அறுப்புக்குத்தான் போவும். தெரிஞ்சிதான் பேசுறீங்களா?"

தெரிந்துதான் பேசினார். அதனால்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் வானம் திடீரென்று கறுத்தது. அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடி, அப்புறம் ஓட்டைப் பெயர்க்கிற மாதிரி மழை. அரை மணி நேரம் கழித்துப் பின்கதவைத் திறந்தால், கொல்லையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த பள்ளம் ததும்பி, மாட்டுக்கொட்டகை ஓரத்தைத் தொட்டுவிட்டது.

அவள் யோசிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏறினால் யோசிப்பதற்கு நேரம் இருந்ததே இல்லை. மண்வெட்டியை எடுத்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், பள்ளத்தின் தாழ்ந்த கரையில் பத்து வெட்டு வெட்டினாள். தண்ணீர் மதகைத் திறந்துவிட்ட மாதிரி ரோட்டுப் பக்கம் பாய்ந்தது. கொட்டகை தப்பியது. அப்பாடா என்று முகத்தைத் துடைத்தாள்.

"அக்கா! இன்னா காரியம் பண்ற நீ?"

பக்கத்து வீட்டு மலர்க்கொடி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவள். அவள் கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும்.

"தண்ணி ஏறுது மலரு, வடிய விட்டேன்."

"வடிய விட்டியா? நாங்க நாலு வீடும் சேந்து வெட்டுன குட்டை அது, அக்கா! இது நெறைஞ்சாத்தான் எங்க கெணத்துல ஊத்து. ரெண்டு வருசமா நெறையல. இன்னிக்கி நெறைஞ்சுது, நீ ஒடச்சிட்ட!"

தில்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் ரோடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. செல்லி கயிற்றை இழுத்துக்கொண்டு, போகிற தண்ணீர்ப் பக்கம் கழுத்தை நீட்டிக் கத்தியது. நாலு மாசமாக இந்த எருமைக்கு ஒரு குட்டைத் தண்ணீர் கிடைக்காதா என்று வேண்டாத சாமி இல்லை. கொடுத்த தண்ணீரைத் தன் கையாலேயே வெட்டி விட்டிருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. குட்டை என்று ஒரு வார்த்தை சொல்லாத புருஷன்மேல் அதைவிட.

"அவரு சொல்லவே இல்ல மலரு" என்றாள். மலர்க்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். வெட்டிவிட்ட கரையைத் தில்லையம்மாள் ஒருத்தியாகவே, இருட்டுவதற்குள் மண் அள்ளிப் போட்டு மூடினாள். அடியில் முழங்கால் சேறுதான் மிச்சம்.

அந்தச் சேறு போதும் என்று செல்லி முடிவு செய்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை கயிற்றை அறுத்துக்கொண்டு குட்டையில் இறங்கி, ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது. தங்கராசு வந்து கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். வெள்ளை வேட்டியோடு சேற்றில் இறங்க அவருக்கு மனசு வரவில்லை. ஞானசேகரன் இறங்கலாமா என்று செருப்பைக் கழற்றும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது இப்ப வராதுண்ணே. கெடக்கட்டும், உடுங்க." மலர்க்கொடிதான்.

தரகர் போனார். நாலைந்து நாள் சேற்றில் கிடந்த பிறகு செல்லி மறுபடி கறந்தது, ஒன்றரை லிட்டர். முதல் சொம்பு மலர்க்கொடி வீட்டுக்குப் போயிற்று. மலர்க்கொடி பாலை ஊற்றிக்கொண்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பத்து நாள் கழித்து மறுபடி மழை. தில்லையம்மாள் மண்வெட்டியோடு கரைமேல் போய் உட்கார்ந்தாள். புது மண் கரையும் இடமெல்லாம் அள்ளி அள்ளி அப்பினாள். நம்பிக்கை இல்லாமலோ என்னவோ, மலர்க்கொடியும் குடையோடு வந்து பக்கத்தில் நின்றாள். தண்ணீர் ஏறியது. செல்லியின் வயிற்றைத் தொட்டது, முதுகை மூடியது, மூக்கு மட்டும் வெளியே நின்றது. கொட்டகை ஓரத்தைத் தண்ணீர் தொட்டபோது தில்லையம்மாளுக்குக் கை துறுதுறுத்தது. மண்வெட்டியைத் தூக்கி மலர்க்கொடியிடம் கொடுத்தாள்.

"நீயே வச்சிக்க. எங்கிட்ட இருந்தா வெட்டிப்புடுவேன்."

மலர்க்கொடி சிரித்துவிட்டுக் குடையைத் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏங்கா அழுவுற? அதான் கரை நிக்குதே."

"அதுக்கில்லடி" என்றாள் தில்லையம்மாள். "பொறந்ததுலேருந்து தண்ணி ஏறுனா வயித்துல நெருப்பு வச்ச மாதிரிதான் இருக்கும். ஏறட்டும்னு ஒக்காந்து பாக்குறது இதான் மொத தடவ."